வெண்கலக் கோட்டையின் எதிர்ப்பக்கம்

மதுரையில் ஸ்கேன் சென்டர் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் மங்கையர்க்கரசிக்குப் பழைய படங்கள் என்றால் உயிர். பார்த்தால் மட்டும் போதாது, கையில் இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் பட்டுப்புடவை வைக்கிற தேக்கு அலமாரியில் அவள் டிஸ்க்குகளை அடுக்கியிருந்தாள். ஒரே படத்துக்கு வீடியோ கேசட், விசிடி, டிவிடி, ப்ளூ-ரே, அதற்கப்புறம் வந்த புதுப்பித்த பதிப்பு என்று வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே படம்தானே என்று கேட்டுவிட்டால் போச்சு. கேட்டவரை உட்காரவைத்து, எந்தப் பதிப்பில் கதாநாயகியின் முகத்தை மெழுகு மாதிரி வழித்துவிட்டார்கள், எதில் சாயங்கால வானத்தை மத்தியான வானமாக ஆக்கினார்கள் என்று போட்டுக் காட்டாமல் விடமாட்டாள்.

டிஸ்க்கின் மேல் அவளுக்கு இத்தனை பிடிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று இணையத்தில் இருந்தது. ஒருநாள் போட்டுப் பார்த்தால் பாட்டில் ஒரு சரணத்தைக் காணவில்லை. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு சரணம் இருந்ததா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். தட்டில் பதிந்தது தட்டிலேயே இருக்கும், அதை யாரும் தூரத்திலிருந்து மாற்ற முடியாது என்ற தைரியத்தில்தான் அன்றிலிருந்து அவள் வாங்கிக் குவித்தாள்.

‘வெண்கலக் கோட்டை’ சாருலேகா கதாநாயகியாக நடித்து எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ராஜா ராணிப் படம். அதன் நெகட்டிவைத் தேடி எடுத்துப் புதுப்பித்தவர் ஆரோக்கியசாமி. சென்னை சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு டிஸ்க் கம்பெனி வைத்திருந்தார். வாடிக்கையாளர் என்ற உறவைத் தாண்டி டாக்டருக்கு அவர் நண்பர். டிஸ்க் வெளிவருவதற்கு முன்பே போனில் கூப்பிட்டு ஆசை காட்டினார்.

“டாக்டர், சாருலேகா க்ளோசப் எவ்வளவோ பாத்திருப்பீங்க. அந்தம்மா கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுமே, அது என்ன?”

“லைட்டு.”

“லைட்டு மட்டுமில்ல. கேமரா, கேமராமேன், அவர் பின்னாடி டீ குடிச்சுக்கிட்டு நின்னவன், எல்லாரும் அந்தப் புள்ளிக்குள்ளதான் இருக்காங்க. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். கண்ணு, மூக்குத்தி, கண்ணாடி வச்ச ஜாக்கெட்டு, பின்னாடி பளபளன்னு அந்த வெண்கலக் கதவு, எல்லாத்துலயும் செட்டோட அந்தப் பக்கம் விழுந்திருக்கு. அதையெல்லாம் பொறுக்கி ஒண்ணா சேத்துட்டோம். ரிமோட்டுல ஒரு பட்டனை அமுக்கினா கேமராவைத் திருப்பி வச்ச மாதிரி எதிர்ப்பக்கம் தெரியும்.”

“பிரதிபலிப்பு கிடைக்காத இடத்துல?”

“அங்க மெஷினே நிரப்பிடும். நெகட்டிவுல கீறல் விழுந்த இடத்தை நிரப்பறோம்ல, அதே வேலைதான்.”

மங்கையர்க்கரசி அதற்குமேல் கேட்கவில்லை. டிஸ்க் எப்போது வரும் என்பதுதான் அவள் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தாள். முதலில் படத்தைப் படமாகவே பார்த்தாள். நடுவில் கோட்டை வாசல் நடனம் வந்தது. அதில் சாருலேகா ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் விழிகள் மேலே போகும், முகம் வெளிறும், மறுகணம் காட்சி வெட்டுப்பட்டு வேறு கோணத்தில் ஆட்டம் தொடரும். எதிரி வந்துவிட்டான் என்பதை ஒரே பார்வையில் காட்டிவிட்டாள் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சிலாகிக்கிற இடம். மங்கையர்க்கரசி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பார்வையைச் செய்து பார்த்திருக்கிறாள்.

அந்த இடத்துக்குத் திரும்பப் போய்ப் பட்டனை அமுக்கினாள்.

திரை புரண்டது. கோட்டை மறைந்து ஸ்டுடியோ வந்தது. பனியனும் வேட்டியுமாக லைட்காரர்கள், குனிந்து லென்ஸைப் பார்க்கிற கேமராமேன், நாற்காலியில் தூங்கி வழிகிற மேக்கப்காரர், தரையில் யாரோ வைத்துவிட்டுப் போன டிபன் கேரியர். அவளுக்குச் சிரிப்பும் பூரிப்புமாக இருந்தது. இவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் கண்ணுக்குள் இத்தனை காலம் காத்திருந்து வெளியே வந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பின்னால், உயரத்தில், ஒரு மரப்பரண். அடுத்து ஆட வேண்டிய குரூப் டான்ஸர்கள் அதில் ஏறி நிற்க வேண்டும் போலிருக்கிறது. அப்போது ஒரே ஒரு பெண்தான் நின்றாள். அவள் முன்னால் சாய்ந்தாள். விழுந்தாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு ஆண். வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட கை, நீட்டியபடி நின்ற உள்ளங்கை.

மங்கையர்க்கரசியின் கையிலிருந்த ரிமோட் நழுவியது. குனிந்து எடுத்தாள். பிறகு மெதுவாக, ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினாள். தள்ளுகிறான். ஐயமே இல்லை. முகம் தெளிவாகத் தெரிந்தது. சாருலேகா நடிக்கவே இல்லை, ஒரு கொலையைப் பார்த்திருக்கிறாள்.

ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையில் அவர் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எதிர்ப்பக்கம் பூராவையும் நாங்க உக்காந்து பாக்கல டாக்டர். மெஷின் போட்டதை அப்படியே ஏத்திட்டோம். எனக்கு ரெண்டு நாள் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம். என்னன்னு பாக்கறேன்.”

“பாத்துட்டு?”

“தேவைப்பட்டா டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கிட்டு வேற அனுப்பிடறேன்.”

அந்த ஒரு வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. காணாமல்போன சரணம் அவள் நினைவுக்கு வந்தது. இதையும் துடைத்துவிடுவார்கள். செத்தவள் ஒருத்தி இருந்தாளா என்று நாளைக்கு நம்மையே கேட்பார்கள். அதோடு, அவள் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. இதை முதலில் கண்டவள் நான்தான் என்ற சின்ன கர்வம். சேகரிக்கிறவர்களுக்கே உரிய கர்வம் அது. அன்று மத்தியானமே அந்தக் காட்சித் துண்டை இணையத்தில் சேகரிப்பாளர்கள் குழுவில் போட்டுவிட்டாள்.

பிறகு நடந்தது எதுவும் அவள் கையில் இல்லை. விழுந்த பெண் கிரிஜா என்ற குரூப் டான்ஸர் என்பதை ஒருவர் பழைய பத்திரிகைச் செய்தியிலிருந்து எடுத்துப் போட்டார். செட்டில் தவறி விழுந்து இறந்ததாகச் செய்தி. பார்த்த சாருலேகா காலமாகிப் பல வருஷம். தள்ளியவன் முகத்தை இன்னொருவர் பழைய யூனிட் போட்டோவோடு பொருத்திக் காட்டினார். உதவி இயக்குநர் தணிகாசலம். எண்பதைத் தாண்டி, சென்னை வளசரவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தொலைக்காட்சிக்காரர்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. மங்கையர்க்கரசியைப் பேட்டி எடுத்தார்கள். “அந்தப் பெண்ணுக்கு இப்பவாவது நியாயம் கிடைக்கணும்” என்று அவள் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஒருநாள் ஸ்கேன் சென்டரில் நோயாளிகளோடு நோயாளியாக டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை.

“எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாங்க?”

“ஸ்கேன் எடுக்க வரலீங்க. என் பேர் பூங்கோதை. தணிகாசலத்தோட பொண்ணு. ஸ்கூல் டீச்சரா இருக்கேன்.”

மங்கையர்க்கரசி பேனாவை மூடிவைத்தாள். “உக்காருங்க” என்றாள்.

“சண்டை போட வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.” பூங்கோதை உட்கார்ந்தாள். “அப்பா மொதல்ல இல்லவே இல்லன்னாரு. ‘நான் பரண்ல ஏறவே இல்லம்மா, கீழ கேமராவை ஒட்டி கிளாப் போர்டோட நின்னேன், சத்தம் கேட்டுத் திரும்பினா அந்தப் பொண்ணு கெடக்குறா’ன்னாரு. இப்ப அப்படிச் சொல்றதில்ல. போனைக் கையில வச்சுக்கிட்டு நாள் பூரா அதையே போட்டுப் போட்டுப் பாக்கறாரு. ‘என் கை மாதிரிதானே இருக்கு’ன்னு என்னையே கேக்கறாரு. சாப்பாடு இறங்கல.”

மங்கையர்க்கரசி மேசைமேல் கிடந்த ஸ்கேன் படங்களை ஒதுக்கி வைத்தாள்.

“உடம்புக்குள்ள இருக்கறதைப் படத்துல பாத்துச் சொல்றது உங்க தொழில். அந்தப் படத்தைப் பாத்தப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா டாக்டர்?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சென்டரிலேயே வேகமாக எடுக்கிற புது ஸ்கேன் மெஷின் ஒன்று உண்டு. பாதித் தகவலை எடுத்துக்கொண்டு மீதியைத் தானே நிரப்பிக் கொடுக்கும். ஒருமுறை ஒருவரின் ஈரலில் இல்லாத கட்டியை அது வரைந்து வைத்தது. படம் அழகாக இருக்கும்போதுதான் ரொம்பப் பயப்பட வேண்டும் என்று தன்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு அவள் சொல்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. வீட்டில் அவள் டாக்டராக உட்கார்ந்து படம் பார்க்கவில்லை.

“எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க” என்றாள். சொல்லும்போதே, ஆரோக்கியசாமியும் இதைத்தானே கேட்டார் என்று பட்டது.

மறுநாளே சென்னைக்குப் போனாள். சாலிகிராமத்து ஆபீசில் ஆரோக்கியசாமி எழுந்து நின்று வரவேற்றார். முகம் பார்த்துப் பேசவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியை நிறுத்தி, அதன்மேல் இன்னொரு படலத்தைப் போட்டார். காட்சி இரண்டு நிறமாகப் பிரிந்தது.

“வெள்ளையா இருக்கறது நெகட்டிவுல நிஜமாவே பதிஞ்ச வெளிச்சம். சிவப்பா இருக்கறது மெஷின் நிரப்பினது.”

கேமராமேன் வெள்ளை. லைட்காரர்கள் வெள்ளை. டிபன் கேரியர்கூட வெள்ளை. விழுகிற கிரிஜா, வெள்ளை. அவளுக்குப் பின்னால் நின்ற ஆள் தலைமுதல் கால்வரை சிவப்பு.

மங்கையர்க்கரசி திரையில் விரலை வைத்தாள். “கை?”

“கை, சட்டை, முகம், எல்லாமே. அந்த எடத்துல ஒண்ணுமே பதியல டாக்டர். வெறும் இருட்டு.”

“இருட்டுல ஆளை எப்படிப் போடும்?”

“அதுக்கு இருட்டுன்னு விட்டு வைக்கத் தெரியாது. நிரப்பியாகணும். ஒரு பொண்ணு உசரத்துலேருந்து விழறா. அவளுக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு யோசிக்குது. அது படிச்சது பூரா நம்ம படங்கதான், ஆயிரக்கணக்குல. நம்ம படத்துல எந்தப் பொம்பளை சும்மா விழுந்திருக்கா? எவனாவது தள்ளியிருப்பான். அதைப் போட்டுடுச்சு.”

“முகம் அவருதாச்சே.”

“யூனிட் ஆளுங்க எல்லாரும் நிக்கற குரூப் போட்டோ ஒண்ணு குடுத்திருந்தோம், ஆளை அடையாளம் வைக்கறதுக்கு. மத்தவங்க ஒவ்வொருத்தரையும் அது எங்கெங்கயோ கண்டுபிடிச்சிடுச்சு. கேமராவை ஒட்டி மறைவா நின்ன தணிகாசலம் மட்டும் எதுலயும் பிரதிபலிக்கல. அந்த ஒரு முகம் மிச்சமா இருந்துச்சு. இந்த எடமும் காலியா இருந்துச்சு.”

மங்கையர்க்கரசி திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க போன் பண்ணின மறுநாள். அதுக்குள்ள ஊர் பூரா பரவிடுச்சு. இப்ப வாயைத் திறந்தா கம்பெனியை மூட வேண்டியதுதான்னு வக்கீல் சொன்னாரு. நானும் கோழையாட்டம் இருந்துட்டேன்.” அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு நாள்தானே கேட்டேன் டாக்டர்.”

அந்த இரு நிறப் படத்தைத் தாளில் அச்செடுத்து வாங்கிக்கொண்டு அவள் வளசரவாக்கத்துக்குப் போனாள். வழியிலேயே பூங்கோதைக்குப் போனில் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்த பூங்கோதையின் கண்கள் சிவந்திருந்தன. “உள்ள இன்னொருத்தரும் இருக்காரு” என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். சிறுத்துப்போன உடம்பு. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் அந்த டாக்டரம்மாவா?” என்று எழுந்தார். “நான் ஜெயசீலன். ஆவடி. கிரிஜாவோட பையன்.”

அவர் மங்கையர்க்கரசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மா குதிச்சிட்டான்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க. பேப்பர்ல தவறி விழுந்துட்டான்னு போட்டதை எங்க வீட்ல யாரும் நம்பல. கைப்புள்ளைய விட்டுட்டுப் போனவன்னு பெரியம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை வளத்தாங்க. அவ மேல எனக்கு அவ்வளவு கோவம். போட்டோவைக்கூட வீட்ல மாட்டல. என் பொண்ணுக்கு அவ பேர் என்னன்னே தெரியாது. நீங்க போட்ட படத்தைப் பாத்த அன்னிக்குத்தான், அவ என்னை விட்டுட்டுப் போகலன்னு தெரிஞ்சது. போட்டோவை எடுத்து மாட்டிட்டேன்.” அவர் கையை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார். “இவரை அடிக்கணும்னுதான் வந்தேன். வந்து பாத்தா கையெடுத்துக் கும்பிடறாரு. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் சாப்பிடறாரு.”

சமையலறை வாசலில் நின்ற பூங்கோதை மங்கையர்க்கரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருக்கும் படத்தை வெளியே எடுக்காமல் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் அந்தப் பெண்ணின் அப்பா கொலைகாரராகவே சாவார். எடுத்தால் இந்த மனிதர் இன்றைக்கு மறுபடியும் தாயை இழப்பார்.

எடுத்தாள். வெள்ளையையும் சிவப்பையும் காட்டி, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். தப்பு என்னுடையது, கேட்காமல் கொள்ளாமல் அவசரப்பட்டுவிட்டேன் என்றும் சொன்னாள்.

ஜெயசீலன் படத்தை வெகுநேரம் பார்த்தார். “அப்ப பின்னாடி யாருமே இல்லியா?”

“இருந்தாங்கன்னு காட்ட ஒண்ணும் இல்லீங்க.”

“தானாத்தான் விழுந்தாளா?”

“கால் வழுக்கியிருக்கலாம். லைட்டு சூட்டுல தலை சுத்தியிருக்கலாம்.”

“குதிச்சும் இருக்கலாம்.”

“படத்துல அது தெரியாதுங்க” என்றாள். வேறு எதையாவது சொல்லலாம்தான். சொல்ல முடியவில்லை.

கட்டிலிலிருந்து தணிகாசலம் பேசினார். “அவங்க சொல்றதை எடுத்துக்காதே தம்பி. தள்ளினது நான்தான்.”

“அப்பா” என்றாள் பூங்கோதை. “கீழ நின்னேன்னு சொன்னீங்களே.”

“பயத்துல சொன்னேன்மா. இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. நான் பரண் மேல நிக்கறேன். வெள்ளைச் சட்டை, கையை மடிச்சு விட்டிருக்கேன். மூஞ்சியில பாதிக்கு லைட்டு படுது. அவ அப்படியே முன்னாடி சாயறா. என் கை நீட்டினபடியே நிக்குது.”

மங்கையர்க்கரசி அவர் அருகில் குனிந்தாள். “ஐயா, பரண் மேல நின்னா உங்க மூஞ்சி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் யோசித்தார். குழந்தையிடம் கணக்குக் கேட்டதுபோல் முகம் குழம்பியது. “தெரிஞ்சுதே” என்றார். “நல்லாத் தெரிஞ்சுதே.”

ஜெயசீலன் அந்த இரு நிறப் படத்தை மடித்து மங்கையர்க்கரசியிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

ஆரோக்கியசாமியும் அவளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டார்கள். ஆள் இல்லாத பரணோடு புது டிஸ்க்கும் வந்தது. அதற்குள் தொலைக்காட்சிக்காரர்களிடமும் தணிகாசலம் தள்ளியது நான்தான் என்று சொல்லிவிட்டார். மறுப்பை யாரும் நம்பவில்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு கம்பெனி எதையோ மூடி மறைக்கிறது என்றார்கள். பழைய டிஸ்க்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, சேகரிப்பாளர்களில் ஒருவர்கூட அனுப்பவில்லை. மாற்றப்படாத முதல் பதிப்பு என்று பத்திரப்படுத்திக்கொண்டார்கள். அனுப்பியது மங்கையர்க்கரசி மட்டும்தான். தன்னை எதிர்த்து அவர்கள் எழுதிய ஒவ்வொரு வாதமும் ஒருகாலத்தில் அவளே எழுதியதாக இருந்தது.

மழைக்காலத்தில் தணிகாசலம் இறந்துபோனார். செய்தித்தாளில் அவர் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு பூங்கோதை போன் செய்தாள்.

“அன்னிக்கு ஜெயசீலன் சாருக்காகத்தான் அப்பா பொய் சொன்னாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் டாக்டர். அப்படி நெனச்சுக்கறது எனக்கு ஆறுதலா இருந்துச்சு. ஆனா கடைசியில ஆஸ்பத்திரியில நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன். வேற யாரும் இல்ல. என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

பூங்கோதை அதை அப்படியே சொன்னாள்.

“‘ஏம்மா, அந்தப் பொண்ணை நான் எதுக்குத் தள்ளினேன்? எல்லாம் ஞாபகம் இருக்கு. அது மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது’ன்னாரு.”